இரண்டு தகடுகளுக்கு நடுவே

திருவானைக்காவலில் ஒரு மொட்டைமாடியில் செப்புக்கம்பிச் சுருளை நிறுத்தி, பெருக்கி வழியாகக் கணினியின் சவுண்ட் கார்டில் இணைத்தால் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றைப் பிடிக்கலாம். தெற்கே சுமார் 290 கி.மீ. தள்ளி, திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அனுப்புவது அது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி சொல்லக் கடற்படை 1990-இல் அதைத் தொடங்கியது. அந்த அலை இரண்டு மின்கடத்திகளுக்கு இடையில்தான் பயணப்படுகிறது: கீழே நிலம், மேலே அயனி மண்டலத்தின் அடிப்பரப்பு.

இப்படி இரண்டு மின்கடத்திகளுக்குள் அடைபட்ட ஆன்டெனாவைப் புரிந்துகொள்ளச் சோதனைக்கூடத்து உலோகத் தகடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. தகடுகளுக்குச் செங்குத்தாக ஒரு சிறு கம்பி நிற்கட்டும். சலூனில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளைப் போல, ஒவ்வொரு தகடும் கம்பிக்குப் பிம்பம் தரும். பிம்பத்துக்கும் பிம்பம் உண்டு. எல்லாவற்றிலும் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடுவதால் முடிவில்லாத ஒரு தூணே அலை வீசுகிறது எனலாம். கம்பியைத் தகடுகளுக்கு இணையாகப் படுக்க வைத்தாலோ பிம்பங்கள் மாறிமாறி எதிர்த்திசை கொள்ளும். இடைவெளி அரை அலைநீளத்துக்குக் குறைந்தால் அலை வெளியே போகாது.

பிம்பக் கணக்கு ஆன்டெனாவுக்கு அருகில் தெளிவானது. தொலைவு கூடக்கூடப் பிம்பங்களைக் கூட்டி மாளாது. அங்கே இடைவெளிக்குள் பொருந்தும் அலைக்கோலங்களை எண்ணுவதே வழி. அரை அலைநீளத்துக்குக் குறைந்த இடைவெளியில் ஒரே கோலம்தான் ஓடும். அதன் திறன் தொலைவின் வர்க்கத்துக்கு அல்ல, தொலைவுக்கே தலைகீழாகக் குறையும். அளக்கும்போது தகட்டின் விளிம்புதான் தொல்லை. அங்கு எதிரொளித்துத் திரும்பும் அலை அளவைக் கெடுத்துவிடும். ஆகவே சுற்றிலும் உறிஞ்சும் நுரையைக் கூர்மையாகச் சீவி அடுக்குவார்கள்.

வானத் தகட்டில் கணக்கு தலைகீழாகிறது. ஆன்டெனா தெரிந்தது, தகடுதான் தெரியாதது. 18.2 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 16.5 கி.மீ. பகலில் மேல் தகடு ஏறத்தாழ 70 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, இரவில் 85-க்கு மேல் ஏறிவிடுகிறது. அதுவும் வழவழப்பான உலோகமல்ல, மெல்ல மெல்லக் கடத்தத் தொடங்கும் வாயு. ஜேம்ஸ் வெய்ட் என்ற ஆய்வாளர் 1960-களில் அதை இரண்டே எண்களில் அடக்கினார்: எதிரொளிக்கும் உயரம், கடத்துதிறன் உயரத்தோடு கூடும் வேகம். அளந்த வீச்சும் கட்டமும் கணக்கோடு ஒத்துவரும்வரை இந்த இரண்டையும் மாற்றிப் பார்க்கிறார்கள். 2009 ஜூலை 22 சூரிய கிரகணத்தின்போது இந்திய ஆய்வாளர்கள் பல ஊர்களில் கருவி வைத்துக் கேட்டது இந்த விஜயநாராயணத்து அலையைத்தான்.

கொல்கத்தாவில் கேட்பவருக்கு அலைக்கோலக் கணக்கு பொருந்தும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் இருப்பவருக்குப் பிம்பக் கணக்கே வசதி: நிலத்தை ஒட்டி வரும் அலை ஒன்று, வானத்தில் ஒருமுறை பட்டு வருவது இன்னொன்று. நிலத்தைத் தட்டை என்று கொண்டால், தகடு 70-லிருந்து 85 கி.மீ.க்கு ஏறும்போது இரண்டாவதன் பாதை சுமார் 14 கி.மீ. நீள்கிறது, அதாவது முக்கால் அலைநீளத்துக்கும் மேல். இரண்டும் கூடுவதும் கழிவதும் அதனால் மாறிப்போகும். அந்தி நேரத்துப் பதிவில் கோடு வளைவதைப் பார்க்கலாம்.