மகுடமும் மூன்று தியாகங்களும்

'பொன்னியின் செல்வ'னின் ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்தார். 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடரின் கடைசிப் பாகம். ஐந்தில் மிக நீளமானதும் இதுதான். வாள்வீச்சு, ஒற்றர்கள், கடற்புயல், கொலை என்று பாய்ந்து வந்த சாகசக் கதை, தனக்கு வந்த மகுடத்தை அருள்மொழிவர்மன் இன்னொருவன் தலையில் சூட்டும் இடத்தில் உச்சம் கொள்கிறது. அப்படியானால் தியாகம் என்பது எதை விடுவது?

இதற்குக் கூர்மையான விடை தந்தவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். 1017இல் பிறந்தவராக வைணவ மரபு சொல்லும் இராமானுஜர், அங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 'தானுகந்த திருமேனி'யாக எழுந்தருளியிருக்கிறார். கீதையின் கடைசி அத்தியாயம், சந்நியாசம் எது, தியாகம் எது என்ற அர்ஜுனனின் கேள்வியோடுதான் தொடங்குகிறது. அதற்கான தன் உரையான கீதா பாஷ்யத்தில், உடையவர் என்று அழைக்கப்படும் இராமானுஜர் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறார். பலனை விடுவது ஒன்று. 'இது என் செயல்' என்ற உரிமை எண்ணத்தை விடுவது இரண்டாவது. 'செய்பவன் நானே' என்ற நினைப்பை விட்டு, எல்லாம் சர்வேசுவரன் செய்விப்பது என்று தெளிவது மூன்றாவது. செயலைக் கைவிடுவது இந்த மூன்றில் இல்லை. கடமையைச் செய்தே தீர வேண்டும்.

இந்த அளவுகோலைக் கல்கியின் நாயகனுக்கு வைத்துப் பார்க்கலாம். பலனை அவன் விட்டான், சந்தேகமில்லை. செயலையும் விடவில்லை. ஆனால் அந்தப் பட்டாபிஷேகத்தைத் திட்டமிட்டவன் அவனே. சபை முழுவதும் பார்ப்பது அவன் கையைத்தான். மூன்றாவது படியில் அவன் தேறுவது கடினம் என்றே தோன்றுகிறது. அந்த மகுடத்தைச் சூடுபவன், பூத்தொடுத்துக் கோயில் கைங்கரியம் செய்து வாழ விரும்பிய சேந்தன் அமுதன். வேண்டாத சிம்மாசனத்தில் அமர்கிறானே, அவன் இழந்தது குறைவா?

அதே நாவலின் மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே. தான் நேசிக்கும் வந்தியத்தேவனைக் காப்பாற்ற, அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது தானே என்கிறாள். செய்ததையே 'நான் செய்தேன்' என்று நினைக்காதே என்கிறது பாஷ்யம்; இவளோ செய்யாத பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறாள். வந்தியத்தேவன் மனமோ அருள்மொழியின் அக்கா குந்தவையிடம். கல்கி நாவலை மகுடத்தோடு முடிக்காமல் இவள் மரணத்தோடு முடித்தது, எனக்குத் தெரிந்து, அந்தப் பாகத்தின் மிக ஆழமான முடிவு.

வரலாறு இவ்வளவு தெளிவாக இல்லை. நாவலில் சேந்தன் அமுதனாக வரும் சிற்றப்பன் உத்தம சோழன் நாட்டை விரும்பியவரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அவை அருள்மொழியின் மகன் இராஜேந்திரன் காலத்தவை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியோ, ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழன்மீது சந்தேகம் கொண்டார். இளவரசுப் பட்டத்தோடு காத்திருந்த அருள்மொழி 985இல் அரியணை ஏறினார். வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்ததைப் பின்னால் வந்தவர்கள் தியாகம் என்று எழுதினார்களோ என்று கேட்க இடமிருக்கிறது.

அந்தக் கேள்வி, இராமானுஜரின் ஊரான ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மையான கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்ற வாசகத்தை ஷிப்டுக்குப் போகிறவனிடம் சொல்லுவது நம்மூரில் சுலபமாக நடக்கிறது. உடையவர் எழுதியது அதுவல்ல. அவர் பேசுவது, ஒருவன் தன் பலனைத் தானே, தன் உள்ளத்தில் விடுவதைப் பற்றி. அடுத்தவன் பலனை விடச் சொல்லும் அதிகாரத்தை அந்த உரை யாருக்கும் தரவில்லை. அருள்மொழியால் மகுடத்தைக் கொடுக்க முடிந்தது, அது முதலில் அவன் கைக்கு வந்ததால்தான்.