மறுப்பின் விலை

மலேசியாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: ‘அங்க மூணு இனத்தையும் சேர்த்து வச்சிருக்கிறது சாப்பாடுதான்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா?

கோலாலம்பூரின் செராஸ் பகுதியில் தாமான் கன்னாட் என்றொரு குடியிருப்பு உண்டு. புதன்கிழமைதோறும் மாலையில் அங்கே கூடும் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, சுமார் 2 கிலோமீட்டர் நீளம். ஒரு முனையில் தொடங்கிச் சாப்பிட்டுக்கொண்டே நடக்கலாம். மாவை ஊற்றி, பொடித்த வேர்க்கடலையும் சீனியும் சோளமும் தூவி, இரண்டாக மடித்துத் தருவது அப்பம் பாலிக். பெயரில் இருப்பது நம்முடைய அப்பமேதான். கரியடுப்பில் சாத்தே வாட்டுவார்கள். கொதிக்கும் நீரில் குச்சியோடு முக்கித் தின்பது லோக் லோக். சீனர்களின் நாறும் தோஃபு இருக்கும் இடத்தை மட்டும் யாரும் காட்டித் தர வேண்டாம், மூக்கே சொல்லிவிடும்.

இப்போது கடைகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் எதைத் தாண்டிப் போகிறார்கள்? தலையில் தூடோங் அணிந்த மலாய்ப் பெண் பன்றி இறைச்சி வறுபடும் கடையைத் தாண்டிப் போய்க் கரும்புச்சாறு வாங்குவார். தமிழ்க் குடும்பம் மாட்டிறைச்சி சாத்தே வேண்டாம், கோழி போதும் என்னும். குவான்யின்னை வழிபடும் சீனர்கள் பலரும் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. சேர்ந்து நடக்கிறார்கள், ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் தின்பதில்லை.

ஆக, அந்தச் சந்தையை நடத்துவது ருசி மட்டும் இல்லை. ‘எனக்கு வேண்டாம்’ என்ற சொல்லும் சேர்ந்துதான் நடத்துகிறது.

நம்மில் பலருக்கு, முக்கியமாகப் பயணக் காணொளிகள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இது கொஞ்சம் உறுத்தும். ‘நான் எல்லாத்தையும் ட்ரை பண்ணுவேன் ப்ரோ, எனக்கு எந்தப் பேதமும் இல்ல’ என்பதைத்தான் பரந்த மனது என்று நினைக்கிறோம். எல்லாம் தின்பது நல்ல விஷயம்தான். ஆனால் பிடித்ததைத் தின்றவன் அடுத்தவனுக்காக எதைப் பொறுத்துக்கொண்டான்? நாக்குக்குக் கிடைத்த சுகத்தை மனதின் கணக்கில் வரவு வைக்க முடியாது. நமக்கு ஒவ்வாத ஒன்றின் பக்கத்தில் எப்படி நிற்கிறோம் என்பதில்தான் சகிப்புத்தன்மை தெரியும்.

ஆனால் தமிழில் எழுதிக்கொண்டு மறுப்பைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. ‘அவங்க வீட்ல நாங்க கை நனைக்க மாட்டோம்’ என்ற வாக்கியத்தை நம் ஊரில் கேட்காதவர் யார்? டீக்கடையின் இரட்டைக் குவளையும் ஒரு மறுப்புதான். அப்படியானால் சாத்தேவை மறுப்பதும் தண்ணீரை மறுப்பதும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: மறுப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

பன்றி இறைச்சிக் கடையைத் தாண்டிப் போகும் பெண் ஒரு ருசியை இழக்கிறார். அந்த இழப்பு அவருடையது. கடைக்காரரின் மரியாதைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இரட்டைக் குவளையில் மறுப்பவனுக்கு ஒரு நட்டமும் கிடையாது. முழு விலையையும் எதிரே நிற்பவன் தன் மானத்திலிருந்து கொடுக்கிறான். முதலாவதில் மறுக்கப்படுவது பொருள், இரண்டாவதில் மனிதன்.

மலேசியாவும் இந்தக் கோட்டில் தடுமாறாமல் இல்லை. 2017இல் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் ஒரு சலவைக்கடை ‘முஸ்லிம்களுக்கு மட்டும்’ என்று பலகை வைத்தது. காரணம், மதத் தூய்மை. கண்டித்தவர் ஜொகூர் சுல்தானே. கடை பிறகு எல்லாருக்கும் திறந்தது. தட்டில் இருந்த விதி அடுத்தவர் உடம்பின் மேல் ஏறிய கணம் அது.

2024 பிப்ரவரியில் வேறொரு சர்ச்சை. பன்றி எலும்பை மூலிகைகளோடு கொதிக்கவைத்துச் செய்யும் பக் குத் தேவை அரசு தேசிய மரபுரிமை உணவாக அறிவித்தது. மக்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் முஸ்லிம்கள் உள்ள நாட்டில், பெரும்பான்மையோர் உண்ண முடியாதது எப்படித் தேசிய உணவாகும் என்று எதிர்ப்பு வந்தது. நியாயமான கேள்வி போலத் தெரியும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. அந்த அறிவிப்பால் யாரும் அதை உண்ண வேண்டியதில்லை. பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் கிள்ளான் நகரத்துச் சீனர்கள் தங்கள் தாத்தாக்களின் கிண்ணத்தை நாட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். நான் தின்னாததும் என் நாட்டின் உணவாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத்தான் பெரிய மனது வேண்டும்.

மூவாரும் கிள்ளானும் நமக்குத் தூரம் இல்லை. சென்னையில் வாடகை வீடு தேடிய எவரும் ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். ‘என் வீடு, என் விருப்பம்’ என்பார் உரிமையாளர். சரி, அவர் மீன் சாப்பிட வேண்டாம், யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவருடைய சைவத்துக்கான விலையை, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கும் குடும்பம் ஏன் கொடுக்க வேண்டும்? கேட்டால் ‘வாசனை வரும் சார்’ என்பார்.

வரும்தான். நாறும் தோஃபுவின் வாசனையும் சந்தை முழுக்க வரும். தின்னாதவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நாலு எட்டு வேகமாக நடப்பார்கள். கடையை எடுக்கச் சொல்வதில்லை. அடுத்தவரோடு வாழ்வதற்கு அந்த நாலு எட்டு ஒன்றும் அதிக விலை இல்லை.