இரக்கத்தின் அளவுகோல்

இராசிபுரம், நாமக்கல் பக்கத்துச் சமவெளியில் கனமழை இறங்கிய இரவுகளில், மஞ்சள் நிறம் பூண்ட ஆண் தவளைகள் நீலக் குரற்பைகளை ஊதி ஒலிப்பதுண்டு. வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்தவை அவை. பெண் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு அகன்றுவிடும். தலைப்பிரட்டைகளின் கதியைக் குட்டை வற்றும் வேகம் தீர்மானிக்கும். தாய்மை என்று நாம் போற்றும் எதுவும் அங்கே கண்ணுக்குத் தென்படாது.

கங்காரு நேர்மாறு. அவரைக்கொட்டையளவே பிறக்கும் குட்டி தானே ஊர்ந்து தாயின் மடிப்பையை அடைந்து, மாதக்கணக்கில் பாலருந்தி வளர்கிறது. இவ்விரண்டில் எதைக் காக்க வேண்டும் என்று குழந்தையைக் கேட்டாலும் விடை தெரிந்ததே. நம்மைப் போன்றதன் மீதே நம் இரக்கம் முதலில் செல்கிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்குச் சான்றுண்டு. மடிப்பை விலங்கான டாஸ்மேனியப் புலியைக் கொன்றவர்க்கு 1888 முதல் 1909 வரை அரசே சன்மானம் அளித்தது. சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1936 ஜூலையில். அவ்வாண்டு செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்கியல் பூங்காவில் கடைசிப் புலி மாண்டது. அந்நாளை அருகிவரும் உயிர்களின் நாளாக அந்நாடு இன்று நினைவுகூர்கிறது. அதே நாட்டின் குயின்ஸ்லாந்து ஓடைகளில் ஒரு தவளை இருந்தது. கருவுற்ற முட்டைகளைத் தாய் விழுங்கும். இரைப்பையில் அமிலம் சுரப்பது நிற்கும். ஏறத்தாழ ஆறு வாரம் உண்ணாமலிருந்து, வளர்ந்த குஞ்சுகளை வாய்வழியே வெளியிடும். இதைவிடக் கடுமையான தாய்மை எது? 1981க்குப்பின் அது காட்டில் காணப்படவில்லை. வளர்ப்பில் இருந்ததும் 1983இல் மடிந்தது. அதன் பெயரால் ஒரு நாள் இல்லை. தாய்மையைக்கூட உரோமம் போர்த்தி வந்தால்தான் நாம் அடையாளம் காண்கிறோம் போலும்.

நம் நாடு 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தவளை தின்னும் என்பது அன்று சொல்லப்பட்ட முக்கியமான நியாயம். நல்ல முடிவுதான், ஆயினும் அதுவும் நம் வயலை வைத்து அளந்ததே. வேட்டையைத் தடுத்த சட்டம், ஈரத்தோல் வழியே உட்புகும் பூச்சிக்கொல்லியைத் தடுக்கவில்லை.

உலகச் செம்பட்டியலில் இத்தவளை கவலை குறைந்த இனம். பட்டியல் இனத்தை எண்ணுகிறது, குட்டையை அன்று. சாலையோரக் குட்டையைத் தூர்த்து மனைக்கல் நடுபவரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? தாய்மையைச் சொல்ல இயலாது. பூச்சியைத் தின்னும் என்றால், அவர் வீடு கட்டப் போகிறவர். அவருக்குப் பயிர் இல்லை.