மறைத்தலும் பொய்த்தலும்: ஒரு துப்பறியும் கதையை முன்வைத்து

மறைப்பன யாவும் பொய்யாகுமா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், பிறர்க்குத் தீங்கு விளையாமையையே அதற்கு அளவுகோலாகக் கொண்டார். இவ்வளவுகோலின் பெறுமதியைச் சோதித்துப் பார்ப்பதற்கு, அகதா கிறிஸ்ரி 1950இல் வெளியிட்ட ‘ஒரு கொலை அறிவிக்கப்படுகிறது’ என்னும் நாவல் தக்கதொரு களமாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்துக் கிராமமொன்றில் கதை நிகழ்கின்றது. போர் மக்களை இடம்பெயர்த்து விட்டமையால், அயலவர் தம்மைப்பற்றிக் கூறுவதை நம்புவதன்றி எவர்க்கும் வேறு வழியில்லை. இச்சூழலில் இருவகை மறைப்புக்கள் அருகருகே வாழ்கின்றன. சார்லற் பிளாக்லொக் என்பவள், இறந்துபோன தமக்கை லெற்றீசியாவின் பெயரைப் பூண்டு, தமக்கைக்கு வரவிருந்த பெருஞ்செல்வத்தை எதிர்பார்த்திருக்கிறாள். அப்பொய்யைக் காப்பதற்காக மூன்று உயிர்களைப் பறிக்கிறாள். அதே கிராமத்தில் ஹிஞ்ச்கிளிப், மேர்கட்ரோயிட் என்னும் இரு பெண்கள் ஒரே வீட்டில் இணைந்து வாழ்கின்றனர். அவர்களது உறவு காதலே என நூலாசிரியை எவ்விடத்தும் வெளிப்படக் கூறவில்லை. வாசகர் பலர் அவ்வாறே உணர்ந்தனர். 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நாடகம் அதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

இப்பெண்களின் மௌனத்துக்குக் காரணம் யாது? ஒருபாற் காதலைத் தண்டித்த 1885ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் ஆண்களை மட்டுமே சுட்டியது. பெண்களையும் அதனுட் சேர்க்கும் பிரேரணையொன்றை 1921இல் மக்கள் சபை ஏற்றபோதும் பிரபுக்கள் சபை நிராகரித்தது. இரக்கம் அதற்குக் காரணமாகவில்லை. சட்டத்திற் பெயர் குறித்தால், அறியாத பெண்களும் அறிந்து கொள்வர் என்று அவர்கள் அஞ்சினர். அச்சட்டத்தின் வழிவந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவும் முன்னர் ஆண்களையே சுட்டிற்று. 1995ஆம் ஆண்டுத் திருத்தமே பெண்களையும் அதனுள் அடக்கியது. பெயரின்றி இருத்தல், பெயர்பெற்றுக் குற்றவாளியாதல் என்னும் இரண்டனுள் ஒன்றையே சமூகம் இத்தகையோருக்கு விட்டுவைத்தது. பிளாக்லொக்கோ எவராலும் கட்டாயப்படுத்தப்படாதவள்.

கதையின் ஒரு நுட்பம் இங்கு கருதத்தக்கது. விளக்குகள் அணைந்த வேளையில், கைவிளக்கின் ஒளி அறையிலிருந்தோரின் கண்களைக் கூசச் செய்தது. கதவின் பின் நின்றமையால் மேர்கட்ரோயிட் மாத்திரமே அறையைப் பார்க்க முடிந்தது. அங்கு இருந்திருக்க வேண்டிய ஒருத்தி இல்லை என்பதை அவளே பின்னர் நினைவுகூர்ந்தாள். அதன் பொருட்டே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். தன் வாழ்வைப் பிறரறியாது காத்தவளே கொலையாளியின் பொய்க்கு எதிரான சாட்சியாகின்றாள். தன்னைப்பற்றிப் பேசாதிருத்தல் ஒருவரது வாய்மையைக் குறைப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் அம்மௌனத்துக்கு ஒரு விலையுண்டு. கணவனை இழந்தாளின் துயருக்கு ஊர் இடமளிக்கும். சடங்கும் ஆறுதல் மொழியும் உண்டு. ஹிஞ்ச்கிளிப்போ ஊரார் கண்ணில் தோழியை இழந்தவள் மாத்திரமே. தான் யாரை இழந்தாள் என்று கூறும் உரிமை அவளுக்கில்லை.

மறைப்புக்கு இடமளித்தால் மக்களிடை நம்பிக்கை எவ்வாறு நிலைக்கும் என வினவுவோர் உளர். நம்பிக்கை குலைவது பிறர்க்குரியதைக் கவர்வதற்காக மறைக்கும்போதாகும். தனக்கே உரியதைக் காப்பதற்காக மறைப்பவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை அயலாருக்கில்லை. மறைத்தவரை விசாரிக்குமுன், வெளிப்படுத்தியிருந்தால் அவருக்கு யாது நேர்ந்திருக்கும் என்று வினவுதல் அறத்தின் முதற்கடமையாகும்.