கல் மறுபிறவி எடுக்குமா?

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பாறை மற்றும் மண்' என்று ஒரு பாடம் உண்டு. பாறைச் சுழற்சியை அங்கே வட்டமாகத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்: குழம்பு ஆறித் தீப்பாறை ஆகிறது, அது தேய்ந்து, படிந்து படிவுப் பாறை ஆகிறது, வெப்பமும் அழுத்தமும் சேர உருமாறிய பாறை ஆகிறது, அது உருகினால் மறுபடியும் குழம்பு. இதை நடத்தும்போது நம் ஊர் வகுப்பறையில் நாக்கு நுனியில் வந்து நிற்கும் உவமை ஒன்றுதான்: பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு. பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆனால் அப்படிப் பிடிபடுவது பாறையுமல்ல, பிறவியுமல்ல என்பது என் கட்சி. சென்னை ஆதம்பாக்கத்துப் பள்ளிகள் இதைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது.

அந்த மலைக்கல்லுக்கு உலகம் முழுக்கப் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவுக்கு அடிகோலியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு பழுப்பேறிக் கிடக்கும்; புதிதாக உடைந்த இடம் எண்ணெய் தடவினாற்போல் கருமையும் நீலமும் கலந்து மினுங்கும். இது தீப்பாறை என்பது 1900-இல் ஹாலந்து எழுதிய விரிவான ஆய்வின் முடிவு. பின்னால் வந்தவர்கள், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருமாறியது என்றார்கள். சார்னோக்கைட்டில் இரண்டு வழியாகவும் வந்தவை உண்டு என்ற அளவில் அந்த வழக்கு இன்று நிற்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இத்தனை காலத்தில் இந்தக் கல் வட்டத்தைச் சுற்றி வரவே இல்லை. மேலே இருந்த பாறையெல்லாம் தேய்ந்து ஒழிய ஒழிய, மெல்ல மேலே வந்தது, அவ்வளவே. கடல் தரையின் கதை வேறு: அது ஓயாமல் உருவாகி, ஓயாமல் உள்ளே போகிறது. இன்றைய ஆழ்கடல் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதியைக் காண்பதே அரிது. வட்டப் படம் இவ்விரண்டையும் ஒரே ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறது.

உவமையின் மறுபக்கம் இன்னும் பலவீனம். மறுபிறவி என்றால் பிறப்பதற்கு ஒருவர் வேண்டும். சைவ சித்தாந்தத்தில் உடல் மாறினாலும் வினையைச் சுமந்து போகும் உயிர் ஒன்றே. கணக்கு யாருடையது என்பதில் குழப்பமில்லை. கல்லில் அந்தக் கணக்குக்கு உரியவர் யார்? 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குவார்ட்சைட்: முன்பு மணல், பிறகு மணற்பாறை, பிறகு உருமாறிய பாறை, கடைசியில் மனிதன் கைக்கருவி. இதில் 'அதே கல்' என்று எதைச் சுட்டுவது? மணல் பருக்கைகளின் விளிம்புகூட வெப்பத்தில் அழிந்து ஒன்றோடொன்று பின்னிப்போயிருக்கும். ஆக, உயிருக்கு இங்கே உவமை கிடைக்காது, மாயைக்குக் கிடைக்கலாம். மாயையே உலகுக்கு முதற்காரணம், இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றாது என்பது சித்தாந்திகள் கைக்கொண்ட சற்காரியவாதம். அணுக்களின் அளவில் பாறை அதற்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் பரங்கிமலைக் கல்லின் அடையாளக் கனிமமான ஹைப்பர்ஸ்தீன் பழைய பாறைக்குள் ஒளிந்துகொண்டா இருந்தது? நீரைப் பிடித்து வைத்திருந்த கனிமங்கள் அந்தச் சூட்டில் சிதைந்தால்தான் அது உருவாகும். சூடு குறைந்தால் அமைவது வேறொன்று. காரணங்கள் கூடும்போது தோன்றும், கலையும்போது மறையும் என்று மணிமேகலையில் வரும் பௌத்த வாதம் இதற்கு நெருங்கி நிற்கிறது. சித்தாந்தி விடமாட்டார், ஆற்றல் வடிவில் முன்பே இருந்தது என்பார். என் தராசு பௌத்தர் பக்கம் சற்றே சாய்கிறது, அதுவும் கல்லைப் பொறுத்தவரை மட்டும். உயிர் உண்டா என்ற வழக்கில் கல் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது.

பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு, தெரிந்ததைக் கொண்டு தெரியாததைச் சொல்வதுதானே பாடம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் "அப்போ இந்த மலையும் மணலாயிடுமா சார்?" என்ற கேள்வி வருவதும் அதே வயதில்தான். ஆகும் என்பதே நேர்மையான பதில். அப்படிச் சொன்னால் மலைமேல் பக்தி என்னாகும் என்று பதறுபவர்கள் உண்டு. தோமையார் உயிர்விட்ட இடம் என்று நம்பிப் படியேறுபவர்களுக்கு அந்த மலை ஒரு மரணத்தால் புனிதமானது, கல்லின் நிரந்தரத்தால் அல்ல. சைவத்துக்கோ அழித்தலும் ஐந்தொழிலில் ஒன்று. தெற்கே திரிசூலத்துச் சிவன் கோயிலில் கும்பிடுபவர், குன்று கரையக் கூடாதென்று வேண்டிக்கொள்வதில்லை. இதற்கு நேர்மாறான உற்சாகமும் உண்டு: அண்ணாமலை நெருப்பாய் இருந்து யுகம் மாற மாறக் கல்லானது என்று தல புராணம் சொல்வதால், தீப்பாறையை நம்மவர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது. அண்ணாமலை எரிமலை அன்று. அந்தப் புராணம் பேசுவது இறைவன் மனிதக் கண்ணுக்குத் தன்னை எப்படிக் குறைத்துக்கொண்டான் என்பதை. அதைப் பாறையியலாக்கினால் புராணம்தான் சிறுக்கும்.

வட்டத்தைக் கரும்பலகையில் வரைவதில் தவறில்லை. ஒவ்வொரு அம்புக்குறி பக்கத்திலும் அதற்கு ஆகும் காலத்தைக் குறிக்கலாம். குறுக்கே போகும் அம்புகளையும், 250 கோடி ஆண்டாய் உருகாமல் நிற்கும் ஒரு கல்லையும் சேர்க்கலாம். பரங்கிமலைக் கல் எந்தக் கட்டத்தில் சேரும் என்று ஒரு பீரியட் முழுக்க வாதாட விடலாம். தேர்வில் 'உருமாறிய பாறை' என்று எழுதினால்தான் மதிப்பெண் என்றால், ஹாலந்துக்கே அந்தக் கேள்வியில் பூஜ்யம்தான்.