சைக்கிள் ஓட்டச் சொல்ல நான் யார்?



சைக்கிளைப் பற்றிக் கட்டுரை என்றதும், "உடம்புக்கு நல்லது, காற்றுக்கு நல்லது, காசும் மிச்சம்" என்று சொல்லி முடித்துவிடுவேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மூன்றையும் நான் ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அந்தக் கூட்டத்தில் எங்கப்பாவும் உட்கார்ந்திருந்தார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பமானது.

முதலில் வளாகக் கதை. நான் சிலாங்கூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கிறேன். விடுதியிலிருந்து எங்கள் புலத்துக்கு இரண்டரை கிலோமீட்டர். வளாகப் பேருந்தில் ஏறினால் ஏழு நிமிடம்தான். ஆனால் அந்தப் பேருந்து வருவதற்குச் சில நாள் அரை மணி நேரம் ஆகும். இரண்டாம் ஆண்டில் நானும் மூன்று நண்பர்களும் விடுதிப் படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எண்ணிப் பார்த்தோம். இருபத்து மூன்று. படிப்பு முடிந்து போனவர்கள் அப்படியே விட்டுப் போனவை. விடுதி அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஒன்றின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டி, பதினொரு சைக்கிளை ஓட வைத்தோம்.

நான் மூன்றாம் படிவம் படித்த 2017-இல் ஓபைக் என்ற வாடகை சைக்கிள்கள் நம் நாட்டுக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும். கைப்பேசியில் தட்டினால் பூட்டுத் திறக்கும். சீக்கிரமே லோங்காங்கில் தலைகீழாகக் கிடந்தன. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் அந்த நிறுவனம் கடையை மூடியது. யாருக்கும் சொந்தமில்லாத சைக்கிளை யாரும் துடைப்பதில்லை என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அதனால் எங்கள் பதினொன்றையும் ஆளுக்கொன்றாகப் பேர் எழுதிக் கொடுத்தோம். ஒரு தவணை முடிந்தபோது நான்கு பேர் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேடு, மழை, வியர்த்த சட்டையோடு குளிர்சாதன விரிவுரை அறையில் இரண்டு மணி நேரம். எல்லாம் உண்மையான கஷ்டம்தான். ஆனால் நான்கு பேர் போதும், நான் பெரிய சீர்திருத்தவாதி ஆகிவிட்டேன்!

அந்த மிதப்போடுதான் விடுமுறைக்கு வீடு திரும்பினேன். எங்கள் தாமான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும் பேச இடம் கேட்டேன். கொடுத்தார்கள். கோயிலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்து பாருங்கள், கார்கள் இரண்டு வரிசையாக நின்று அண்டை வீட்டுக்காரர் வெளியே போக முடியாது. அதனால் சைக்கிளில் வாருங்கள் என்றேன். சைக்கிளில் நன்றாக எண்ணெய் போட்ட செயினில் வீணாகும் சக்தி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை என்றேன். எளிமைதான் நம் சமயம் காட்டிய வழி என்றும் சேர்த்துச் சொன்னேன். திரையில் ஆம்ஸ்டர்டாம் படங்கள்.

கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு பெரியவர் எழுந்தார். கோபமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டே, "தம்பி, சைக்கிள விட்டு எறங்குறதுக்கு எங்களுக்கு ஒரு தலைமுறை ஆச்சு. மறுபடி ஏறச் சொல்றீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் பேசினார். "ஒங்க தாத்தா நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போவாரு. வெட்டு முடிஞ்சா ரெண்டு பக்கமும் பால் வாளிய மாட்டிக்கிட்டு ஸ்டோருக்கு சைக்கிள மிதிப்பாரு. மழை பேஞ்சா செம்மண் ரோடு வழுக்கும். பால் கொட்டிருச்சுன்னா அன்னைக்குக் கூலி போச்சு. அது எளிமை இல்லடா. வேற வழி இல்ல." 1988-இல் தவணையில் ஹோண்டா கப் வாங்கி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பாட்டியைப் பின்னால் உட்கார வைத்து கோயிலைச் சுற்றி வந்த அன்று தாத்தா அழுதாராம். இதை அப்பா அதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா எதை என்னிடம் கேட்டார் என்று யோசித்தேன். எனக்குப் புரிந்தது இப்படி. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறோம். வயிறு காய்கிறது. பக்கத்து வீட்டில் சம்பளம் வராததால் ஒருவர் சாப்பிடவில்லை. அவர் வயிறும் அதே மாதிரிதான் காய்கிறது. ஒன்றுக்கு விரதம் என்று பேர், இன்னொன்றுக்குப் பட்டினி. பட்டினி கிடப்பவரிடம் போய் விரதத்தின் மகிமையைப் பேசினால் எப்படி இருக்கும்? அல்லது போன வருசம்வரை பட்டினி கிடந்து இப்போதுதான் மூன்று வேளை சாப்பிடுகிறவரிடம்? பட்டினத்தாரை நாம் கொண்டாடுகிறோம். பெரும் வணிகர், எல்லாவற்றையும் விட்டு ஓடேந்தினார் என்பதால். அவர் நின்ற அதே தெருவில் பிறந்ததிலிருந்தே ஓடேந்தி நின்றவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை.

அதற்காக அப்பா சொன்னதுதான் முழு உண்மை என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. விரதம் பொய் கிடையாது. சாப்பிட முடிந்தவன் சாப்பிடாமல் இருப்பதில் ஒரு பயிற்சி இருக்கிறது. தாத்தா கஷ்டப்பட்டார் என்பதற்காகக் கோயில் வாசல் நெரிசல் குறைந்துவிடாது, பெட்ரோல் புகை நல்ல புகை ஆகிவிடாது. இன்னொன்று: அதே தாத்தா ஆயுத பூசை அன்று பால் கத்தியோடு சைக்கிளையும் கழுவி, ஹேண்டிலுக்குச் சந்தனப் பொட்டு வைப்பாராம். இதையும் அப்பாதான் சொன்னார். வெறுத்த பொருளுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? கேட்டேன். "அது சோறு போட்டுச்சுடா" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அப்பாவோடு காரில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் தாமானுக்குப் பின்னால் தொழிற்சாலைகள் இருக்கிற சாலை. இரவு ஏழரை, எட்டு இருக்கும். அந்தச் சாலையில் ஒரு நீளத்துக்கு விளக்கே எரியாது. அப்பா திடீரென்று பிரேக் போட்டார். முன்னால் கறுப்புச் சட்டையில் ஒருவர் சைக்கிளில். விளக்கு இல்லை, பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே போனார். பழகிவிட்டது போல.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: "இவங்களுக்கு யாருடா கூட்டம் போட்டுப் பேசுறது?"

நண்பர்களே, அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுவோர் இல்லை, நான்தான் கொண்டு வரப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்கள் தினமும் இரண்டு வேளை அந்தச் சாலையில் சைக்கிளில்தான் போகிறார்கள். சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். எண்ணவில்லை. நாம் அவர்கள் எல்லாரையும் "பங்ளா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம், நேப்பாளிகளையும் சேர்த்து. தாத்தா காலத்தில் நம்மை "கூலி" என்று ஒரே வார்த்தையில் முடித்த மாதிரி.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கார் மணிக்கு எழுபது கிலோமீட்டரில் வந்தால் ஒரு வினாடிக்குப் பத்தொன்பது மீட்டர். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால் இருபத்தொன்பது மீட்டர் போய்விடும். அதற்கப்புறம் வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய அதே தூரம். மொத்தம் அறுபது மீட்டர் அளவு. காரின் விளக்கைத் தாழ்த்தி வைத்திருந்தால், கறுப்புச் சட்டைக்காரர் கண்ணுக்குத் தெரிவது முப்பது நாற்பது மீட்டரில்தான். அதாவது ஓட்டுநர் நல்லவரா, குடித்தாரா, கவனமாக இருந்தாரா என்ற கேள்வியே எழவில்லை. கணக்கே சாக வைக்கிற கணக்கு. அப்பா அன்று மெதுவாக வந்ததால் தப்பித்தோம்.

என் ஆம்ஸ்டர்டாம் படங்களைப் பற்றியும் படித்துப் பார்த்தேன், கொஞ்சம் தாமதமாக. நெதர்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களும் நம்மைப் போலக் காருக்கு மாறியவர்கள்தான். 1971-இல் மட்டும் அங்கே சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து" என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. அவர்கள் "எல்லாரும் எளிமையாக இருங்கள்" என்று ஒருவருக்கொருவர் உபதேசம் செய்யவில்லை. சாலையை மாற்று என்று அரசிடம் கேட்டார்கள். இங்கே கோலாலம்பூரில் 2018 வாக்கில் சாலையோரத்தில் நீலச் சாயம் அடித்து சைக்கிள் பாதை போட்டார்கள். அதன் மேல் கார் நிறுத்தியிருந்ததை எல்லாரும் பார்த்தோம். சாயம் மட்டும் போதாது, கேட்பதற்கு ஆளும் வேண்டும் போலிருக்கிறது.

கோயில் இளைஞர் பிரிவில் ஆறு பேர் சேர்ந்தோம். காசு போட்டு நாற்பது சிறு விளக்குகள் வாங்கினோம். மாலை ஷிப்டு மாறும் நேரத்தில் சாலை முனையில் நின்றோம். முதல் நாள் ஒருவர்கூட நிற்கவில்லை. எங்களைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் தாண்டி வேகமாகப் போனார்கள். பெர்மிட் சோதனை என்று நினைத்துவிட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரே மாதிரி டீசட்டை போட்டுக்கொண்டு போயிருந்தோம், புத்திசாலிகள்! அடுத்த நாள் சாதாரண உடையில், கையில் பஞ்சர் ஒட்டும் சாமானோடு போனோம். டயர் காற்று இறங்கிய ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். "பெராப்பா?" என்று கேட்டார். காசு வேண்டாம் என்றோம். அதை நம்பவே அவருக்கு நேரம் பிடித்தது.

எங்களுக்குப் பஞ்சர் ஒட்டச் சரியாக வரவில்லை. என்னை இறக்கிவிட வந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எறங்குடா" என்று சொல்லி, ட்யூபை உருவி, வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடினார். முப்பது வருசமாகத் தொடாத வேலை. கை மறக்கவில்லை.

விளக்குகள் தோல்விதான், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் பாதி எரியவில்லை. பேட்டரி தீர்ந்தால் யார் வாங்குவார்கள்? சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். பொறியியல் படிக்கிற எனக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும். இப்போது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சுருள் வாங்கி, வெட்டி, பின் மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டுகிறோம். பேட்டரி வேண்டாம், திருடவும் ஆள் வராது. பெடலில் ஒட்டியது மேலும் கீழும் ஆடுவதால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் படுகிறது. சாலை விளக்குக்காக உள்ளூர் அதிகாரிகளுக்கு மூன்று கடிதம் போட்டிருக்கிறோம். பரிசீலனையில் இருப்பதாக ஒரு பதில் வந்தது.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவோமோ என்று. இருட்டுச் சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு ஒருவரை மிதிக்க வைப்பது எது என்ற கேள்விக்கு ஸ்டிக்கர் பதில் இல்லை.

சரி, சைக்கிள் ஓட்டச் சொல்வதை விட்டுவிட்டேனா? வளாகத்தில் இன்னும் சொல்கிறேன். ஆனால் எளிமை, தியாகம் என்ற பேச்சை நிறுத்திவிட்டேன். எனக்கு இப்போது தெரிகிற காரணம் வேறு. அந்தச் சாலையில் ஒரு தொழிலாளி அடிபட்டால் பத்திரிகையில் ஒரு மூலையில்கூட வராமல் போகலாம். அவரால் புகார் எழுத முடியாது. எழுதினால் முதலில் அவருடைய பெர்மிட்டைத்தான் பார்ப்பார்கள். நாம் எழுதலாம். நமக்கு ஓட்டு இருக்கிறது, தெரிந்த சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். நாமும் அதே சாலையில் ஓட்டினால் அது நம் பிரச்சினையும் ஆகிவிடுகிறது. இந்தக் காரணம் அப்பாவுக்கும் ஏற்புடையதாக இருக்கிறது. ஆனாலும் உடனே கேட்டார்: "அப்ப ஒன் தங்கச்சிய அந்த ரோட்ல ஓட்டச் சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன். விளக்கு வரும்வரை அந்தச் சாலையில் நான் மட்டும் ஓட்டுகிறேன், ஷிப்டு விடும் நேரத்தில், அவர்களோடு சேர்ந்து. நானே ஏற்கும் ஆபத்து வேறு, என் பேச்சைக் கேட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏற்கும் ஆபத்து வேறு என்றுதான் இதுவரை எனக்குப் படுகிறது. ஆனால் ஒருவன் மட்டும் ஓட்டினால் அதிகாரிகள் அசைய மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஸ்டிக்கர் சுருள் இன்னும் ஒன்றரை மீதி இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டப் போகிறோம். கத்தரிக்கோல் இரண்டுதான் இருக்கிறது. வருகிறவர்கள் ஒன்று எடுத்து வாருங்கள்.