பொறுமை யாருக்குரியது?

விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் பயணிகள் அஞ்சுகின்ற சொற்கள் இரண்டு. ஒன்று 'தாமதம்', மற்றொன்று 'ரத்து'. அச்சொற்கள் தோன்றிய மறுகணமே கூடத்தில் அமர்ந்திருப்போரின் முகங்கள் மாறிவிடுகின்றன. மணிக்கணக்காய் வகுத்து வைத்திருந்த ஒரு நாள் நம் கையைவிட்டு நழுவுகிறது. அவ்வேளையில் 'பொறுமையாக இருங்கள்' என்னும் அறிவுரை ஒலிபெருக்கியிலிருந்தும் வரும். அருகில் அமர்ந்திருக்கும் பெரியவரிடமிருந்தும் வரும். மறையுரைகளில் நாம் பலகாலும் கேட்டுப் பழகிய அறிவுரைதான் அது. ஆயினும் அதனை யார் யாருக்குச் சொல்வது? எதுவரையில் சொல்வது? பொறுமை ஒரு புண்ணியம் என ஏற்றுக்கொண்ட நாம் இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் இயலாது.

முதற்கண், தாமதங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. 1982 ஜூன் மாதத்தில், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவை ஒட்டி இரவில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அறியாமல் புகுந்தது. அதன் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. எரிமலைச் சாம்பலில் கண்ணாடி போன்ற நுண்துகள்கள் உண்டு. அவை எஞ்சினின் வெப்பத்தில் உருகி உள்ளே படிந்து அதனை முடக்கிவிடுகின்றன. விமானம் கீழே இறங்கிச் சாம்பலைக் கடந்தபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் அனைவரும் உயிருடன் தரையிறங்கினர். இத்தகைய பட்டறிவு இருந்தமையால்தான், 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை வெடித்தபோது, ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி பல நாள்கள் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையை நீர் சூழ்ந்தபோதும் நிலையம் சில நாள்கள் மூடிக்கிடந்தது. இத்தகைய தாமதம் உயிருக்குக் கொடுக்கும் விலை. காக்கப்பட்ட உயிர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இழந்த நாள் மட்டுமே தெரிகிறது. ஆகவேதான் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நாம் முணுமுணுக்கிறோம்.

ஆனால் வேறுவகைத் தாமதமும் உண்டு. 2025 டிசம்பர் தொடக்கத்தில் நம் நாட்டில் சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. களைப்புற்ற விமானிகளால் நேரும் ஆபத்தைத் தடுப்பதற்காக, அவர்களுடைய வாராந்தர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவில் அவர்கள் தரையிறக்கும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்தும் புதிய விதிகள் வந்திருந்தன. அவ்விதிகளுக்கு ஏற்ப ஆள்களைத் திட்டமிட்டு வைக்காமையே அக்குழப்பத்திற்கு முதன்மைக் காரணமாயிற்று. ஓய்வுநாளைக் கட்டளையாக்கிய இறைவன் வேலைக்காரரையும் மாட்டையும் கழுதையையும்கூட மறக்கவில்லை. அவ்வாறிருக்க, முந்நூறு உயிர்களைச் சுமந்து செல்லும் மனிதரின் ஓய்வு எத்துணை இன்றியமையாதது! இங்கே ஓய்வு குற்றமன்று, முன்னேற்பாடின்மையே குற்றம். ஆயினும் நிலையங்களில் தவித்தவர்களின் சினம் இவ்வேறுபாட்டைக் காண நேரமற்றிருந்தது. தொழிலாளியின் ஓய்வினால்தான் நம் பயணம் கெட்டது என்று எண்ணத் தொடங்குவோமானால், நம் சினம் வழிதவறிவிட்டது என்பதே பொருள்.

அப்படியானால் சினமே கூடாதா? பொறுமையைத் துணிவு என்னும் தலையாய நற்பண்போடு சேர்த்துவைத்த புனித தாமஸ் அக்குவினாஸ், நியாயமான காரணத்திற்காக, அறிவின் ஆளுகைக்கு உட்பட்டு எழும் சினம் பாவமன்று என்றும் கற்பித்தார். எனவே உரியதைக் கேட்பது பொறுமைக்கு எதிரானதன்று. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010ஆம் ஆண்டிலேயே இதற்கென விதிகளை வகுத்துள்ளது. குறிப்பிட்ட நேரத்திற்கு மேல் தாமதமானால் உணவும், ரத்தானால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறுதலும் பயணியின் உரிமைகள். புயல், மூடுபனி போன்ற, நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்களுக்கு மட்டும் இழப்பீட்டுத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. இவற்றை அறிந்து, எழுத்தில் கேட்டு, பெறாவிடில் முறையிடுவது ஒரு குடிமகனின் கடமையும் ஆகும். நாம் கேளாமல் விடுவது, கேட்கத் தெரியாத மற்றவருக்கும் கிடைக்காமல் போக வழிவகுக்கிறது.

கேட்பது வேறு, தாக்குவது வேறு. 2024 ஜனவரியில், தில்லியின் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமான விமானத்தினுள், தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியைப் பயணி ஒருவர் அடித்தார். மூடுபனியை அவ்விமானியா வரவழைத்தார்? சினத்திற்கு ஓர் இயல்பு உண்டு. நீரைப்போல அது பள்ளத்தை நோக்கியே பாயும். முடிவெடுத்தவர் எட்டாத உயரத்தில் இருக்கிறார். பதிலேதும் பேச இயலாதவரோ முகப்பு மேசைக்குப் பின்னால் நிற்கிறார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும் அப்பெண்ணும் காலையிலிருந்து அமராதவராக இருக்கலாம். அவருடைய வீட்டிலும் ஒருவர் காத்திருக்கலாம். நியாயமான கோரிக்கையைக் கொண்டு சென்று அவரை அழவைத்துவிட்டுத் திரும்புவோமானால், நீதியின் பெயரால் ஓர் அநீதியைச் செய்தவர்கள் ஆகிறோம்.

இன்னும் ஆழமான ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. தாமதம் எல்லாருக்கும் ஒரே அளவில் வருகிறது; இழப்போ ஒரே அளவினதன்று. சுற்றுலா செல்பவருக்கு ஆறு மணி நேரத் தாமதம் ஓர் இரவு உணவின் இழப்பு. விடுப்பு முடிந்து வளைகுடா நாட்டிற்குத் திரும்பும் தொழிலாளிக்கு அது வேலையின் இழப்பாகலாம். தாயின் அடக்கத் திருப்பலிக்கு விரையும் மகனுக்கு அது எவராலும் ஈடுசெய்ய இயலாத இழப்பு. இம்மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே சொல்லில் 'பொறுத்திருங்கள்' என்று கூறுவது எளிது. இழப்பற்றவர் இழப்புற்றவருக்குப் பொறுமையைப் போதிப்பது அன்பாகுமா?

நற்செய்தியில் யாயிர் என்னும் தொழுகைக்கூடத் தலைவரை நினைவுகூர்வோம். சாகும் தறுவாயில் இருக்கும் பன்னிரண்டு வயது மகளுக்காக இயேசுவை அழைத்துச் செல்கிறார் அவர். வழியில், பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண் ஒருவர் இயேசுவின் ஆடையைத் தொடுகிறார். இயேசு நின்றுவிடுகிறார். யாயிருக்கு அது கொடிய தாமதம். அப்பெண்ணுக்கோ அது விடுதலையின் நேரம். அந்த இடைவெளியில் மகள் இறந்த செய்தி வருகிறது. அப்போது இயேசு பெண்ணைக் குறைகூறவுமில்லை. தந்தையைத் தனியே விட்டுவிடவுமில்லை. அஞ்ச வேண்டாம் எனத் தேற்றி, அவரோடு வீடுவரை நடந்தார். தாமதத்தால் துன்புறுகிறவருக்கு அறிவுரையைவிடத் துணையே முதல் தேவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நம் முத்துக்குளித்துறையின் திருத்தூதரான புனித சவேரியாரும் இதனை வாழ்ந்து காட்டியவரே. 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல், பருவக்காற்றைத் தவறவிட்டமையால், மொசாம்பிக்கில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்க நேர்ந்தது. இந்தியாவுக்கு விரைந்த அவ்வுள்ளத்திற்கு அது எத்துணைச் சுமையாய் இருந்திருக்கும்! அவரோ அங்கிருந்த மருத்துவமனையில் நோயுற்ற பயணிகளுக்குப் பணிவிடை செய்தார்; தாமும் நோயுற்றார். 1542 மே மாதத்தில்தான் கோவாவை அடைந்தார். அந்த ஆறு மாதங்களும் அவருடைய மறைப்பணிக்கு இடையூறாக அமையவில்லை, மறைப்பணியாகவே அமைந்தன.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கனடாவின் கேண்டர் என்னும் சிற்றூரில் 38 பயணிகள் விமானங்கள் திடீரென இறங்கின. ஏறத்தாழ பத்தாயிரம் மக்கள் வாழ்ந்த ஊருக்கு ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட விருந்தினர். வேலைநிறுத்தத்தில் இருந்த பேருந்து ஓட்டுநர்கள் தம் போராட்டத்தை ஒதுக்கிவைத்து வண்டியை எடுத்தார்கள். பள்ளிகளும் கோவில்களும் வீடுகளும் திறக்கப்பட்டன. சுற்றியிருந்த ஊர்களும் துணைநின்றன. விமானங்கள் மீண்டும் புறப்படும்வரை சில நாள்கள் அம்மக்கள் முன்பின் அறியாதோரைத் தாங்கினார்கள்.

'தாங்கினார்கள்' என்னும் சொல்லிலேயே நமக்கு விடை இருக்கிறது. தமிழில் பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்றும் பொருள். அதே வேரிலிருந்தே பொறுமையும் பிறந்தது, பொறுப்பும் பிறந்தது. பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசுகின்ற நாம், இவ்விரு சொற்களையும் பிரித்துவைப்பது தகாது. தன் சுமையை முணுமுணுக்காமல் சுமப்பது பொறுமையின் பாதி. அருகிலிருப்பவரின் சுமையில் ஒரு பகுதியைத் தன் தோளில் ஏற்பதே மற்றொரு பாதி. அப்பாதியைச் செய்யாதவருக்கு முதற்பாதியைப் பிறருக்குப் போதிக்கும் உரிமையில்லை.

அடுத்த விமானத்தில் ஓர் இருக்கை மட்டுமே எஞ்சியிருக்கிறது. நம் பின்னால் அடக்கத்திற்குச் செல்லும் ஒருவர் நிற்கிறார் எனின், வரிசையில் நாம் முந்தியவர்கள் என்பது அங்கே இறுதிச் சொல்லாகாது. படிவத்தை நிரப்பத் தெரியாத தொழிலாளிக்கு நிரப்பித் தருவது, அவருடைய முதலாளிக்குத் தாமதத்தை விளக்க நம் கைப்பேசியைக் கொடுப்பது, கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் தாய்க்கு வெந்நீர் வாங்கி வருவது, முகப்பு மேசைப் பெண்ணிடம் நம் உரிமையைத் தாழ்ந்த குரலில், ஆனால் தளராமல் கேட்பது: இவை சிறியவை. ஆயினும் அறிவிப்புப் பலகையில் தாமதம் என்னும் சொல் தோன்றும்போது நம்மால் உடனே செய்யக்கூடியவை இவையே. அவற்றைச் செய்தபின் 'பொறுமையாக இருங்கள்' என்று நாம் சொல்லத் தேவையிராது. நாம் உடனிருப்பதே அதைச் சொல்லிவிடும்.